மாடி ஏறாத நீராவி

மேல்மாடி, வாட்டர்டவுன்
ஜனவரி 10, 1984

சபேல்,

போதுமான காலம் மௌனமாக இருந்துவிட்டேன். நான் ஊரில் இல்லாத ஒரு கோடையில் உன் கணவன் கரோ, மாடிப்படிக் கூடத்தில் பொதுவாக இருந்த, அறைச் சூட்டைப் பார்த்துப் பாய்லரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி உங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டினான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து உங்களோடு பேசுவதை நிறுத்தினேன். கரோவை அடக்கம் செய்த அன்றுகூட தேவாலயத்தில் உன் கையைப் பிடித்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. இனி முடியாது. நேரில் வந்தால் என் குரல் உயரும், நீ அழுவாய், பிறகு எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிடும். ஆகவே எழுதுகிறேன்.

அப்பா இந்த வீட்டைக் கீழ்த்தளம் உனக்கு, மேல்மாடி எனக்கு என்று பிரித்து எழுதினார். நிலவறையில் இருக்கும் பாய்லரைப் பிரிக்க அவருக்கு வழி தெரியவில்லை. ஒரே பாய்லர், ஒரே நீராவி, அறைக்கு ஒன்றாக, நீராவி வந்து சூடாகும் இரும்பு ரேடியேட்டர். இதில் என் பங்கு எங்கே போகிறது என்று கேட்கிறேன்.

என் சமையலறையில் ஆலிவ் எண்ணெய் புட்டியிலேயே உறைந்து நிற்கிறது. மாணவர்களின் வரலாற்றுத் தாள்களைக் கையுறையோடு திருத்துகிறேன். படுக்கையறை ரேடியேட்டரைத் தொட்டால் கல்லறைக் கல்லைத் தொட்டது போல இருக்கிறது. பள்ளியிலிருந்து திரும்பும்போது தெருவில் நின்று பார்க்கிறேன்: சுற்றிலும் முழங்கால் பனி, உன் சாப்பாட்டு அறை ஜன்னல் அகலத் திறந்திருக்கிறது, திரைச்சீலை வெளியே பறக்கிறது. நான் பாதிப் பணம் கொடுத்து வாங்கிய பாய்லர் எண்ணெயில் நீ தெருவைச் சூடாக்குகிறாய். போதாததற்குத் தினமும் காலையில் பாய்லர் ஓடத் தொடங்கியதும் குழாயை அடிக்கிறாய். இறைச்சி தட்டும் சுத்தியலாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சத்தம் எனக்குப் புரிகிறது.

அன்றே வாய் திறக்காமல் உங்கள் அறைக்குள் வந்து, தெர்மோஸ்டாட்டின் மேல் துளையிட்ட பெட்டியைப் போட்டுப் பூட்டி, சாவியை நான் வைத்திருப்பது உனக்கு எரிச்சல் என்று தெரியும். யாரும் முள்ளை இஷ்டத்துக்குத் திருப்பக் கூடாது என்று நியாயமான ஓர் அளவில் நிறுத்திப் பூட்டினேன். அப்படியும் நீ ஏதோ தந்திரம் செய்து எனக்கு வரவேண்டியதைக் கீழேயே நிறுத்திக்கொள்கிறாய்.

பக்கத்துத் தெருப் பல் மருத்துவர் இந்த வீட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த மாத முடிவுக்குள் மேலே சூடு வராவிட்டால் என் பாதியை அவருக்கு விற்றுக் கையெழுத்துப் போடுவேன். அவர் ரேடியேட்டர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உன் பாதியையும் வாங்காமல் விடமாட்டார். சொல்லவில்லை என்று பிறகு சொல்லாதே.

நூபார் டெர்ஸியான், எம்.ஏ.


கீழ்த்தளம்
ஜனவரி 13

அண்ணா,

தங்கைக்கு எழுதும் கடிதத்தில் எம்.ஏ. போடும் மனிதன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

உன் கடிதத்தைத் தபால்காரர் டொனெகன் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மா, இது உங்க தலைக்கு மேல இருக்கறவர்தானே? இதுக்கா ஸ்டாம்பு ஒட்டினாரு? ஒரு கூடைல கயிறு கட்டி ஜன்னல் வழியா எறக்கச் சொல்லுங்க, எனக்கும் முட்டிவலி கொறையும்” என்றார். நான் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திய பிறகு சிரித்தேன்.

நான் குழாயை அடிக்கவில்லை. என் விரல்கள் வீங்கிக் கிடக்கும் கிடப்பில் இறைச்சியையே கடையில் தட்டி வாங்கி வருகிறேன். ஜன்னலைத் திறப்பது என் இஷ்டம். காரணம் கேட்காதே. சொன்னால் இன்னொரு பெட்டி வாங்கி ஜன்னலையும் பூட்டிவிடுவாய்.

விற்பதாக எழுதியிருக்கிறாய். விற்றால் நான் ஃப்ரெஸ்னோவுக்குப் போய் மகள் வீட்டு சோபாவில் படுக்க வேண்டும். அவளும் மாப்பிள்ளையும் நல்லவர்கள்தான். ஆனால் அந்த சோபா இரண்டு பேருக்குச் செய்தது, நானோ நீளமாகப் படுத்துப் பழகியவள். இதற்கு மேல் கெஞ்ச மாட்டேன். உனக்குத் தங்கையாகப் பிறந்தவளுக்குக் கொஞ்சமாவது பிடிவாதம் இருக்காதா?

ஒன்று சொல்கிறேன். நேற்று நிலவறையில் துணி காயப்போட்டபோது பெரிய குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பாய்லர் பக்கம் கை வைக்க முடியவில்லை. உன் படுக்கையறைக்குக் கீழே வரும் தூரத்து முனை ஜில்லென்று இருந்தது. பாய்லரோ அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவன், விற்பதற்கு முன்னால் அதைக் கண்டுபிடி. நிலவறைக்கு இரண்டு பேருக்கும் வழி இருக்கிறது. நீ காலையில் போ, நான் மத்தியானம் போகிறேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தொலைக்க வேண்டாம்.

சபேல்


மேல்மாடி
ஜனவரி 18

சபேல்,

தூரத்து முனை குளிர்ந்திருப்பதாக நீ எழுதியது சரி. உன்னைப் பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை.

பொது நூலகத்தில், யாரும் கை வைக்காத ஒரு தட்டில், நீராவியால் வீடுகளைச் சூடாக்குவது பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. குற்றம் உன்னுடையதுதான் என்று அதை வைத்து நிரூபிக்க நினைத்தேன். படிக்கப் படிக்க அந்த எண்ணம் எங்கோ போய்விட்டது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு நிலவறைக்குப் போனேன். காலைச் சாப்பாடு மறந்துபோனது.

இந்த வீட்டில் பம்பு கிடையாது, சபேல். நீராவியை யாரும் தள்ளுவதில்லை. ஒரு கோப்பைத் தண்ணீர் ஒரு பெரிய அலமாரியை நிரப்பும் அளவுக்கு விரிந்து, தானே நடந்து இரண்டு மாடி ஏறுகிறது. சூப்பை ஆற்ற நாம் ஊதும் வேகம்கூட அதற்குப் பின்னால் இல்லை. மேலே போய்க் குளிர்ந்த இரும்பைத் தொடுகிறது. தன்னிடம் இருக்கும் சூடு எல்லாவற்றையும் அதனிடம் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர் வந்த வழியே, அதே குழாயின் அடிப்பக்கமாக, ஏறிவரும் நீராவிக்கு வழிவிட்டு இறங்கிப் பாய்லருக்குத் திரும்புகிறது. ஏறவும் இறங்கவும் ஒரே குழாய். நமக்கு முன் எத்தனையோ குடும்பங்கள் சண்டையிட்டுக் குடியிருந்த இந்த வீட்டில், ஒவ்வொரு குளிர்காலமும் இது இப்படியே நடந்திருக்கிறது.

குழாயின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை, ஒரு மயிரிழை ஒதுங்கி நின்றது. கண்ணுக்குத் தெரியாத சரிவு. தண்ணீர் வீடு திரும்புவதற்காக ஒருவன் அளந்து கொடுத்த சரிவு. இருபத்தைந்து ஆண்டுகளாக ரோமானியர்களின் நீர்ப்பாதைகளைப் பற்றி வகுப்பெடுக்கிறேன். என் காலடியில் இது இருந்தது தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குழாயில் முதலில் இருப்பது காற்று. காற்று வெளியேறினால்தான் நீராவி உள்ளே வர முடியும். அதற்காக ஒவ்வொரு ரேடியேட்டரிலும் சிறிய காற்றுவாய் ஒன்று உண்டு, பெரிய குழாயின் தூரத்து முனையிலோ பேரிக்காய் அளவில் பித்தளையில் ஒன்று இருக்கிறது. காற்று வந்தால் திறந்திருக்கும், நீராவி வந்து தொட்டால் தானே மூடிக்கொள்ளும். அதைத் தேடிப் போனேன். உன் கணவன் அழகுபடுத்துவதாகச் சொல்லி நிலவறைக் குழாய்களுக்கெல்லாம் வெள்ளிப் பூச்சு அடித்தானே, அந்தப் பூச்சு காற்றுவாயையும் முழுதாக மூடி இறுகிக் கிடந்தது. வெளியேற வழி தெரியாத காற்று தூரத்து முனையில் அடைந்து நின்றது. நீராவி கிடைத்த வழியில், பாய்லருக்கு முதலில் வரும் உன் சாப்பாட்டு அறை ரேடியேட்டருக்குள் புகுந்தது. அந்த அறை சூடானதும் அங்கே இருக்கும் தெர்மோஸ்டாட் போதும் என்று பாய்லரை நிறுத்தியது. மேலே எதுவும் வரவில்லை.

ஆக, பூச்சும் கரோ வேலை, தெர்மோஸ்டாட்டை நகர்த்தியதும் கரோ வேலை. எழுதி வைத்துக்கொள்.

அதைத் திருகிக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். “சார், இது மூச்சு விட்டே எத்தன வருஷம் ஆச்சோ” என்றார். புதிது வாங்கி நானே மாட்டிவிட்டேன். என் படுக்கையறை ரேடியேட்டர் தரையோடு சேர்ந்து தப்புப் பக்கம் சாய்ந்திருந்தது, உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் தூரத்துக் கால்களை உயர்த்த ஏதாவது வைக்க வேண்டும். கையில் கிடைத்தவை நானும் கரோவும் கடைசியாக ஆடிய தவ்லு என்னும் பகடையாட்டப் பலகையின் காய்கள். அவனுடைய கறுப்புக் காய்களை வைத்தேன். சுமக்கட்டும்.

நூபார் டெர்ஸியான்


கீழ்த்தளம்
ஜனவரி 21

அண்ணா,

எம்.ஏ. போய்விட்டது. ரேடியேட்டருக்கு நன்றி.

கரோ பூச்சு அடித்ததில் எல்லாவற்றையும் மூடிவிட்டான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவன் கையில் தூரிகை இருந்தால் பூனை நின்றாலும் பூசிவிடுவான். ஆனால் தவ்லுவைப் பற்றி நீ பேசாதே. “மச்சான் தோக்கப்போறார்னா அவருக்கே முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும், காயெல்லாம் கீழ கொட்டும்” என்று அவன் சொல்வான். அந்தக் கறுப்புக் காய்களில் ஒன்று எப்போதும் குறையும். அது என் தையல் பெட்டியில் இருக்கிறது.

மத்தியானம் நிலவறைக்குப் போனேன். பாய்லர் கொதிக்கத் தொடங்கியதும் நீ மாட்டிய பித்தளைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கன்னத்தில் ஒரு மூச்சு பட்டது. தூங்குகிற ஆளின் மூச்சு மாதிரி நிதானமாக, நிற்காமல். இவ்வளவு காற்று இந்த வீட்டுக்குள் எங்கே இருந்தது? துணி காயப்போட வந்தவள் ஈரத்துணியைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றேன். குழாயில் சூடு வருவதைக் கையால் தொடர்ந்தேன், அது என்னைவிடச் சற்று முன்னால் நடந்துகொண்டே இருந்தது. பித்தளையை வந்து தொட்டதும் ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். மூச்சு நின்றது. எனக்கு ஏனோ சிலுவைக்குறி போட்டுக்கொள்ளத் தோன்றியது, போட்டுக்கொண்டேன்.

மேலே சூடு வருகிறதா? அதை மட்டும் எழுது.

சபேல்


மேல்மாடி
ஜனவரி 24

சபேல்,

சூடு வருகிறதா என்று கேட்கிறாய். நான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் நாள் ஆலிவ் எண்ணெய் தெளிந்தது. கையுறையைக் கழற்றினேன். படுக்கையறை ரேடியேட்டர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வரிசையாகச் சூடாவதைக் கையை வைத்துக்கொண்டே நின்று பார்த்தேன், பள்ளிக்குத் தாமதமாகிவிட்டது. அதோடு நின்றிருந்தால் உனக்கு ஒரு வரி நல்லதாக எழுதியிருப்பேன். நிற்கவில்லை. மேசையில் இருந்த மெழுகுவத்தி தலை குனிந்து பலகையைத் தொட்டது. உறை ஊற்றி வைத்த பால் மாலைக்குள் புளித்துவிட்டது. வேறு வழியில்லாமல் எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். டொனெகன் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்து, “என்ன சார், கீழ் வீட்டு வியாதி மேலேயும் தொத்திக்கிச்சா?” என்று கேட்கிறான்.

தெர்மோஸ்டாட் நான் பூட்டிய அளவில்தானே இருக்கிறது? அந்த அளவில் பாய்லர் எப்போதோ நின்றிருக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓடுகிறது. புத்தகத்தில் இதற்கு விளக்கம் இல்லை. ஒன்று பெட்டிக்குள் இருக்கும் கருவி கெட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீ அதை ஏதோ செய்கிறாய். காலைச் சத்தமும் நிற்கவில்லை. உன் சாப்பாட்டு அறை ரேடியேட்டரின் வால்வைப் பார். ஒரே குழாய் அமைப்பில் அதை முழுதாகத் திறக்க வேண்டும், அல்லது முழுதாக மூட வேண்டும். பாதி மூடினால் நீராவி உள்ளே வரும், தண்ணீர் வெளியே போக முடியாது, இரண்டும் மோதிக் குழாயை உடைக்கிற மாதிரி இடிக்கும். இதைக் கேட்பதற்காகவே எழுதுகிறேன்: அது பாதி மூடியிருக்கிறதா? யார் மூடியது, எதற்கு?

பல் மருத்துவர் சனிக்கிழமை பத்திரத்தோடு வருகிறார். என்னவென்று தெரியாத ஒன்றோடு என்னால் குடியிருக்க முடியாது. அதற்குமுன் பதில் வேண்டும்.

நூபார்


கீழ்த்தளம்
ஜனவரி 26

அண்ணா,

பாதி மூடியிருந்தது. மூடியது நான். உனக்காகத்தான்.

கருவி கெடவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்று தடுத்திருப்பாய், அதனால் சொல்லவில்லை. இப்போது பத்திரம் வருகிறது என்பதால் சொல்கிறேன்.

நீ பெட்டியைப் போட்டுப் பூட்டிய முதல் குளிர்காலம். ஒருநாள் காலை கரோ காபிக் கோப்பையோடு அப்படியே கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். “மச்சான் நடக்கற சத்தமே கேக்கல சபேல். இந்நேரம் அவரு ரெண்டு தடவ அலமாரியத் தெறந்து மூடியிருப்பாரு. குளிர்ல போர்வைய விட்டு எந்திரிக்கவே இல்லபோல” என்றான். எங்கள் அறை மட்டும் சூடாகிப் பாய்லர் நின்றுவிடுகிறது என்று அவனுக்கும் தெரியும். முள்ளைக் கொஞ்சம் ஏற்றினால் மேலே வரை போகும். ஆனால் சாவி உன்னிடம். உன்னிடம் கேட்கச் சொன்னேன். “கேட்டா, கரோ எண்ணெய்யக் கரைக்கப் பாக்கறான்னுதான் நெனப்பாரு. வேற வழி பாக்கறேன்” என்றான்.

கொல்லைப்பக்கம் போனான். என்னுடைய சிவப்பு ரப்பர் வெந்நீர்ப் பை இருக்கிறதே, அது நிறையப் பனியை அள்ளிக்கொண்டு வந்தான். பெட்டிக்கு மேலே ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டான். அதிலிருந்து இறங்கும் குளிர், நீ போட்ட துளைகள் வழியாகவே உள்ளே போயிற்று. தெர்மோஸ்டாட் எங்கள் அறை இன்னும் குளிராக இருப்பதாக நினைத்துக்கொண்டது. பாய்லர் நிற்கவில்லை. ரொட்டி அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி நாங்கள் வெந்தோம். மத்தியானத்துக்கு மேல் உன் காலடிச் சத்தம் கேட்டது. கரோ விரலை உயர்த்தி, “நடக்கறாரு பாத்தியா” என்றான். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதன்பிறகுதான் ஜன்னலைத் திறந்தோம். எங்கள் ரேடியேட்டரைப் பாதி மூடினால் மிச்ச நீராவி உன்னிடம் வரும் என்று நானாக நினைத்து மூடினேன். அதுதான் இடித்தது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நீ மேலே அதைக் கேட்டு என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய் என்று தெரிந்திருந்தால் நான் தூக்கத்திலும் சிரித்திருப்பேன்.

கரோ போன பிறகும் நிறுத்தவில்லை, காற்றுவாய் அடைத்து அது உனக்கு எட்டாமல் போனது எனக்குத் தெரியாது. பனி இல்லாத நாட்களில் குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்து நிரப்புவேன். தேவாலயத்தில் அன்று நீ என் கையைப் பிடித்தாயே, ஏன் இவ்வளவு ஜில்லென்று இருக்கிறது என்று நினைத்திருப்பாய். கிளம்புவதற்கு முன் பையை நிரப்பிவிட்டு வந்தேன்.

இன்றைக்கு அதைக் கழற்றிவிட்டேன். வால்வை முழுதாகத் திறந்துவிட்டேன். ஜன்னலை மூடிப் பார்த்தேன், ஜனவரி மாதத்தில் என் வீடு இப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. விற்பதானால் விற்றுக்கொள். ஆனால் பதில் தபாலில் வேண்டாம். படி இருக்கிறது. திராட்சை இலையில் அரிசி பொதிந்து தோல்மா செய்திருக்கிறேன்.

சபேல்


மேல்மாடி
ஜனவரி 29

சபேல்,

படி இருக்கிறது. நேற்று அதில் பாதி வரை இறங்கினேன். உன் வாசலில் நின்று முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று தெரியவில்லை. மறுபடி ஏறிவிட்டேன். கேட்டிருப்பாய்.

பல் மருத்துவர் வந்தார். வரவேற்பறை ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “இதெல்லாம் பிடுங்கிட்டா எவ்ளோ எடம் கெடைக்குது பாருங்க சார்” என்றார். அந்த நேரம் பார்த்து நீராவி வந்து சேர்ந்தது. கையைப் பறித்துக்கொண்டு உதறினார். பத்திரத்தை விரித்துக் கையெழுத்து போட வேண்டிய இடத்தைக் காட்டினார். பேனாவில் மை இல்லை என்றேன். என் சட்டைப்பையில் மூன்று பேனா செருகியிருந்ததை அவர் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். அவர் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். இனி வரமாட்டார்.

இன்று காலை பாய்லர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே எழுந்து மாடிப்படிக் கூடத்தில் போய் நின்றேன், முன்பு தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில். அதைத் தாங்கிய திருகாணிகளின் துளைகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. கீழே பாய்லர் பற்றிக்கொண்டது. இடிக்கப்போகிறது என்று பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டேன். இடி வரவில்லை. நீண்ட நேரம் எதுவுமே வரவில்லை. பிறகு உன் பக்கத்தில் ஒரு ரேடியேட்டர் மூச்சு விட்டது. என் பக்கத்தில் இன்னொன்று. பிறகு எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாமல் வீடு முழுவதும் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது, மேலும் கீழும் ஒரே சமயத்தில். ஓர் அறையில் ‘டிக்’. இன்னோர் அறையில் ‘டிக்’. கடைசியாக, எல்லாவற்றையும்விடத் தூரத்தில் இருக்கும் என் படுக்கையறையில் ஒன்று. அதன்பின் அமைதி. சுவர்கள் சூடாகும் அமைதி. நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பெரிய தேவாலயங்களில் நின்றிருக்கிறேன், பழைய நகரங்களின் இடிபாடுகளில் நின்றிருக்கிறேன். இப்படி எங்கும் நின்றதில்லை.

வெந்நீர்ப் பையில் பனியை நிரப்புகிறவனைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் போட்ட பூட்டை உடைக்காமல், நான் இட்ட துளைகள் வழியாகவே எனக்குச் சூட்டை அனுப்பியிருக்கிறான். வெள்ளிப் பூச்சுக்காக அவனை இன்னும் மன்னிக்கவில்லை. ரேடியேட்டருக்கு அடியிலிருந்து அவன் காய்களை எடுத்துவிட்டு மரத்துண்டு வைத்திருக்கிறேன். காய்களைத் துடைத்துப் பலகையில் அடுக்கியாயிற்று. உன் தையல் பெட்டியில் இருப்பது வந்தால் கறுப்பு வரிசை முழுமையாகும்.

இந்த உறைக்குள் ஒரு சாவி இருக்கிறது. எதனுடையது என்று உனக்குத் தெரியும். பெட்டியைக் கழற்றிவிடு, முள்ளை உனக்கு வேண்டிய இடத்தில் வை. தெர்மோஸ்டாட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆணியையும் பிடுங்காதே.

மத்தியானம் விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறை முழுவதும் தேடினேன். அந்த மயிரிழைச் சரிவைக் கொடுத்தவன் எங்காவது தன் பெயரைக் கீறி வைத்திருப்பான் என்று நினைத்தேன். இரும்பில் அதை வார்த்தவர்களின் முத்திரை மட்டும் இருக்கிறது. அவன் பெயர் எங்கும் இல்லை. தண்ணீர் மட்டும் இன்றைக்கும் அவன் சொன்ன வழியில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

முதல் கடிதத்தின் கீழே பட்டத்தோடு என் பெயரைப் போட்டேன். பிறகு பட்டத்தை விட்டேன், பிறகு குடும்பப் பெயரை விட்டேன். இதன் கீழே ‘உன் அண்ணன்’ என்று எழுதலாமா என்று பேனாவை வைத்து வைத்து எடுத்துவிட்டேன். அதை நீ நேரில் சொன்னால்தான் எனக்குப் பொருந்தும். மூலைத் தபால்பெட்டி வரை போய்வரப் போகிறேன். திரும்பும்போது தெருவில் நின்று உன் ஜன்னலைப் பார்ப்பேன், மூடியிருக்கும். டொனெகன் இதைக் கொண்டுவரும்போது சிரிப்பான், சிரிக்கட்டும். எழுத்தைப் பார்த்து யாருடையது என்று நீ தெரிந்துகொள்வாய். கையெழுத்து இல்லாமலே போடுகிறேன்.